அளந்து கொடுத்த தண்ணீர்

முதலில் செருப்புதான் காட்டிக்கொடுத்தது. என் கணவர் குணசேகரன் திருச்சுழியில் மோட்டார் பம்ப், பைப் விற்கும் கடை வைத்திருந்தார். ஆவணி மாதம் ஒரு மாலை கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றியபோது, வார் இருந்த இடத்தில் பாதம் பள்ளமாகியிருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

“நாள் பூரா நின்னுக்கிட்டே இருந்தா வீங்கத்தான் செய்யும்” என்றார்.

அடுத்த வாரம் அவரால் மல்லாந்து படுக்க முடியவில்லை. முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்துச் சாய்ந்தால்தான் மூச்சு வந்தது. அருப்புக்கோட்டையில் ஒரு மருத்துவரிடம் போனோம். இசிஜி எடுத்துப் பார்த்தவர், “உங்களுக்கு ஏற்கெனவே ஒரு அட்டாக் வந்துட்டுப் போயிருக்கே. எப்ப நெஞ்சு வலிச்சது?” என்று கேட்டார்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். முந்தைய ஆண்டு என் அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் பாலவனத்தம் போயிருந்தோம். பந்தியில் என் கணவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய்ப் பந்தலுக்கு வெளியே உட்கார்ந்துவிட்டார். சட்டை நனைகிற அளவுக்கு வேர்த்திருந்தது. வாயு என்று சொல்லி சோடா வாங்கிக் கொடுத்தோம். ஒரு மணி நேரத்தில் தெளிந்துவிட்டார். சாயங்காலம் மொய் எழுதும் இடத்தில் உட்கார்ந்து எல்லோரோடும் பேசிக்கொண்டுகூட இருந்தார்.

மதுரைக்கு அனுப்பினார்கள். ஆஞ்சியோ (இதய ரத்தக்குழாய்களில் அடைப்பு எங்கே என்று பார்க்கும் சோதனை) செய்து, ஸ்டென்ட் (குழாய் மூடிக்கொள்ளாமல் தாங்கும் சிறிய வலைக்கம்பி) வைத்தார்கள். அடைப்பு சரியானது. ஆனால் சோடா குடித்துச் சமாளித்த அந்த ஒரு மணி நேரத்தில் செத்துப்போன தசை திரும்பி வராது என்றார்கள். எக்கோவில் (ஒலி அலைகளால் இதயத்தைப் படம்பிடிப்பது) அவருடைய இதயத்தை நானும் பார்த்தேன். ஒரு பக்கச் சுவர் அசைந்தது. இன்னொரு பக்கம் சும்மா இருந்தது.

நோயின் பெயர் இதயச் செயலிழப்பு என்றார்கள். அந்தப் பெயரைக் கேட்டு நான் அழுதேன். இதயம் நின்றுபோவதற்கு அந்தப் பெயர் இல்லை என்று பிறகுதான் புரிந்தது. உடம்புக்கு வேண்டிய ரத்தத்தைத் தள்ள முடியாமல் இதயம் தளர்ந்துபோவதும், தள்ள முடியாத நீர் காலிலும் நுரையீரலிலும் தேங்குவதும்தான் அது. மருந்தோடு பல ஆண்டுகள் இருப்பவர்கள் இருக்கிறார்கள்.

அப்படி ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள் இதைப் படிக்கக்கூடும் என்றுதான் எழுதுகிறேன். இதில் நான் செய்த ஒரு தவறும் இருக்கிறது. அதை எழுதாவிட்டால் மற்றதை எழுதிப் பயனில்லை.

வீட்டுக்கு வந்ததும் எல்லாம் மாறியது. காலையில் சிறுநீர் கழித்ததும், காபிக்கு முன்பாக, எடை பார்க்க வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் மருத்துவமனைக்குப் பேச வேண்டும். ஏறுவது சதையாக இருக்காது, நீராக இருக்கும். உப்பைக் குறைக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் வீட்டைவிட்டுப் போயின. காலையில் நீர் மாத்திரை (தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மருந்து). தண்ணீரைக் “கொஞ்சம் கொறச்சுக்கங்க” என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். எவ்வளவு என்று சொல்லவில்லை. நான் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் குறைந்தால் அவர் பிழைப்பார் என்று என் மனதில் அப்போதே எழுதியாகிவிட்டது.

மாசி மாதம் பரிசோதனைக்குப் போனபோது, மருத்துவர் எங்களை உட்காரவைத்து ஓர் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது அவருக்கு. நிதானமாகப் பேசினார்.

“இதயம் பலவீனமானவங்க தண்ணியக் கொறைக்கணும்னு ரொம்ப நாளாச் சொல்லிக்கிட்டு இருக்கோம். அது உண்மையிலேயே உதவுதான்னு எங்ககிட்ட சரியான பதில் இல்ல. அதைத்தான் பாக்கப்போறோம். ஒரு பிரிவுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர், அதுக்கு மேல கூடாது. இன்னொரு பிரிவு தாகம் எடுக்குற அளவுக்குக் குடிக்கலாம். மருந்து ரெண்டு பிரிவுக்கும் ஒண்ணுதான். யார் எந்தப் பிரிவுன்னு கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டு எடுக்கும். நான் நெனச்சாலும் மாத்த முடியாது.”

“அப்ப எது நல்லதுன்னு ஒங்களுக்கே தெரியாதா சார்?” என்று என் கணவர் கேட்டார்.

“தெரியாதுங்க. தெரிஞ்சா ஆராய்ச்சியே வேண்டாமே.”

அவருக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் மனிதரை அவர் கடை வாழ்க்கையில் அதிகம் பார்த்ததில்லை. “பைப்ப பிரஷர் குடுத்துப் பாக்காம விக்கக்கூடாதுல்ல, செல்வி? பாக்கட்டும். பேரை எழுதிக்கங்க சார்” என்றார்.

ஒப்புதல் படிவத்தைக் கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் கவிதாவுக்கு அனுப்பினோம். அவள் வரிக்கு வரி படித்து போனில் விளக்கினாள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் சிகிச்சை குறையாது என்ற வரியை இரண்டு முறை படித்தாள். என் அண்ணனுக்குத்தான் கோபம்.

“மாப்ள, அவுக சோதிச்சுப் பாக்க ஒங்க ஒடம்புதான் கெடச்சுச்சா?”

“எல்லாருக்கும் ஒரே மாத்திரைதான் மச்சான். தண்ணி மட்டுந்தான் வித்தியாசம். தண்ணியில என்ன இருக்கு?”

குலுக்கலில் அவருக்கு ஒன்றரை லிட்டர் பிரிவு விழுந்தது. உண்மையைச் சொல்கிறேன்: எனக்கு அன்று சந்தோஷமாக இருந்தது. நல்ல சிகிச்சை எங்கள் பக்கம் வந்துவிட்டது என்று நினைத்தேன். மருத்துவர் தெரியாது என்று சொன்னது என் காதில் விழுந்திருந்தது. மனதில் விழவில்லை.

ஆராய்ச்சிப் பிரிவில் ஜெயா என்ற பெண் ஒரு நோட்டுக் கொடுத்தார். தினமும் எடை, கால் வீக்கம், மூச்சு, குடித்த அளவு, தாகம் எவ்வளவு வருத்தியது என்பதற்கு ஒன்று முதல் பத்து வரை ஓர் எண். “கூடக் குடிச்சிட்டா கூடன்னே எழுதுங்க அக்கா. யாரும் திட்ட மாட்டோம். எங்களுக்கு உண்மைதான் வேணும்” என்றார்.

ஒன்றரை லிட்டர் என்பது கேட்கும்போது சிறியதாகத் தெரியாது. காபி, ரசம், மோர், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். காலையில் ஒரு பாட்டிலில் ஒன்றரை லிட்டர் பிடித்து வைப்பேன். அவர் காபி குடித்தால் அதே அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து செடிக்கு ஊற்றிவிடுவேன். மிச்சம் எவ்வளவு என்று அவருக்கும் தெரியும். மதியம் இரண்டு மணிக்கெல்லாம் பாட்டிலில் கால்வாசிதான் இருக்கும்.

பங்குனிவரை சமாளித்தார். கால் வீக்கம் வற்றியது. படி ஏறினார். கடைக்கு முழுநேரமும் போனார். எல்லாவற்றுக்கும் அந்தப் பாட்டில்தான் காரணம் என்று நான் முடிவு செய்தேன். ஆறு வகை மாத்திரைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

சித்திரையில் எங்கள் பக்கத்து வெயிலைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்வது கடினம். பத்து மணிக்கே தகரக் கூரை அனலடிக்கும். கரிசல் வெடித்து, செருப்புக் கால் உள்ளே போகிற அளவுக்குப் பிளந்து கிடக்கும். கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் போர்க்குழாயில் தண்ணீர் இறங்கிவிட்டதைப் பற்றித்தான் பேசுவார்கள். இன்னும் இரண்டு பைப் இறக்கினால் கிடைக்குமா என்று கேட்பார்கள். அவர் பதில் சொல்லிக்கொண்டே நாக்கால் உதட்டைத் தடவிக்கொள்வார். வந்தவர் கடைவாசல் பானையிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு அண்ணாந்து குடிப்பார். பிறகு அந்தப் பானையைக் கடைக்குப் பின்னால் வைக்கச் சொன்னேன்.

ஜெயா சொல்லிக் கொடுத்ததையெல்லாம் செய்தேன். ஐஸ் கட்டியைச் சப்பக் கொடுத்தேன். எலுமிச்சைத் துண்டை நாக்கில் தடவிவிட்டேன். வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொன்னேன். துப்புகிறாரா என்று பக்கத்தில் நின்று பார்த்தேன்.

ஒருநாள் குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் நடுவில் நின்றது. நான் கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். அங்கே எனக்கு வேறு வேலை எதுவும் இல்லை. அந்தச் சத்தத்துக்காகத்தான் நின்றிருந்தேன்.

“என்னங்க, உள்ள என்ன செய்றீக?”

கதவைத் திறந்தார். தலை நனையவில்லை, தாடையிலிருந்து நீர் சொட்டியது.

“ரெண்டு வாய்தான் செல்வி” என்றார்.

ஐம்பத்தெட்டு வயது மனிதர். முப்பது வருடம் ஒரு கடையை நடத்தியவர். திருடிவிட்டுப் பிடிபட்டவர் போல என் முகத்தைப் பார்க்காமல் நின்றார். நோட்டில் ஐம்பது மில்லி என்று எழுதினேன். சாயங்காலக் காபியில் ஐம்பது மில்லி குறைத்தேன்.

வைகாசியில் ஒரு மத்தியானம் சாப்பிட்டு முடித்துச் சுவரில் சாய்ந்திருந்தார். மின்விசிறி சூடான காற்றைத்தான் இறக்கிக்கொண்டிருந்தது.

“எப்ப வேணாலும் விலகலாம்னு கவிதா படிச்சுச்சுல்ல?”

“ஆமா.”

“விட்டுருவமா செல்வி? ரொம்ப வறட்டுது.”

இத்தனை மாதத்தில் அவர் கேட்டது அது ஒருமுறைதான்.

“இம்புட்டு நாள் இருந்தாச்சு. எடை ஏறல, கால் வீங்கல, நல்லாத்தான இருக்கீக? இப்பப் போயி விட்டுட்டு, மறுபடி மூச்சு வாங்குனா யாரு பாக்குறது? வெயில் கொறஞ்சா சரியாப்போகும்.”

“சரி” என்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தச் சரிக்குப் பிறகு அவர் தாகத்தைப் பற்றிப் பேசியதில்லை. நோட்டில் எழுத எண்ணைக் கேட்டால் நாலு என்பார், அஞ்சு என்பார். உதட்டைப் பார்த்தாலே அது பொய் என்று தெரியும். அவர் சொன்ன எண்ணையே எழுதினேன்.

அந்த மாதக் கடைசியில் மதுரைக்குப் போனோம். ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகத்துக்கு நீர் போதவில்லை என்பதற்கான அறிகுறி லேசாகத் தெரிந்தது. அவர் எக்கோ அறைக்குள் இருந்தபோது மருத்துவர் நடைவழியில் என்னிடம் வந்தார்.

“உங்க ஊர்ல வெயில் அதிகம்மா. வெயில் கொறையிற வரைக்கும் ஒரு கால் லிட்டர் கூட்டிக் குடுங்க. ஆராய்ச்சி விதியிலயே அதுக்கு எடம் இருக்கு. நீர் மாத்திரையையும் பாதியாக்கிருக்கேன்.”

தலையாட்டினேன். மாத்திரையைப் பாதியாக்கினேன். கால் லிட்டரைப் பற்றி என் கணவரிடம் சொல்லவில்லை.

ஏன் என்று இன்றுவரை எனக்குள் கேட்டுக்கொள்கிறேன். கூட்டினால் பழகிவிடும், பிறகு குறைக்க முடியாது என்று பயந்தேன். ரொம்ப வறட்டுகிறது என்று அவராகக் கேட்டால் கொடுக்கலாம் என்று வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. கேட்க முடியாதபடி வைகாசி மத்தியானத்தில் நானே அடைத்துவிட்டேன் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. அடுத்த மாதச் சோதனையில் சிறுநீரகம் சரியாகியிருந்தது. நான் செய்ததுதான் சரி என்று அதையும் சேர்த்துக்கொண்டேன்.

புரட்டாசியில் ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். எம்.ரெட்டியபட்டியிலிருந்து வந்த ஒருவருக்குப் பைப் இணைப்பு ஒன்றை எடுத்துக் காட்டிவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். “ஒரு நிமிசம் இருங்க” என்று சொல்லியிருக்கிறார். அந்த நிமிடத்தில் தலை சாய்ந்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது அந்த வாடிக்கையாளர் அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். முகம் தெரியாத மனிதர், அழுதுகொண்டே அழுத்தினார். ஆம்புலன்ஸ் அருப்புக்கோட்டை போவதற்குள் முடிந்துவிட்டது.

இதயத் துடிப்பு திடீரெனத் தாறுமாறாகி நின்றிருக்கும் என்றார்கள். தழும்பேறிய இதயத்தில் அப்படி நடக்கலாம், முன்கூட்டியே தெரியாது. அன்று காலை எடை அறுபத்திரண்டு கிலோ. வீக்கம் இல்லை. எல்லாம் சரியாக இருந்த நாள் அது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு ஜெயா போன் செய்தார். மிகவும் தயங்கினார். நோட்டு ஆராய்ச்சிக்கு வேண்டும் என்றார். நானே மதுரைக்குப் போய்க் கொடுத்தேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

ஒன்றரை ஆண்டு கழித்து, ஆராய்ச்சி முடிந்ததென்று, கலந்துகொண்டவர்களையும் குடும்பத்தாரையும் அழைத்தார்கள். போக வேண்டாம் என்று அண்ணன் சொன்னார். போனேன். சின்ன அறை. நாற்காலிகளில் பாதி காலியாக இருந்தது. அதே மருத்துவர்தான் பேசினார். எல்லோருக்கும் புரிகிற தமிழில் சொன்னார்.

தண்ணீரை அளந்து குடித்தவர்களுக்கும் தாகத்துக்குக் குடித்தவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. மருத்துவமனையில் சேர்ந்ததிலும் இல்லை, இறந்ததிலும் இல்லை. ஒன்றில் மட்டும் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. அளந்து குடித்தவர்கள் தாகத்தால் அதிகம் துன்பப்பட்டிருந்தார்கள்.

யாரோ கை தட்டினார்கள். மற்றவர்களும் தட்டினார்கள். நானும் தட்டினேன் என்றுதான் நினைக்கிறேன்.

எல்லோரும் போன பிறகு மருத்துவரிடம் போனேன்.

“அப்ப அவுக குடிச்சிருக்கலாமா சார்?”

“குடிச்சிருக்கலாம்மா” என்றார். “குடிச்சிருந்தா இன்னைக்கு இருந்திருப்பார்னு சொல்ல மாட்டேன். குடிக்காததால போனார்னும் இல்ல. அன்னைக்கு எங்களுக்குத் தெரியாதும்மா. இன்னைக்குத் தெரியுது. அவர் மாதிரி ஆளுங்க வந்ததாலதான் தெரியுது.”

“நீங்க கால் லிட்டர் கூட்டச் சொன்னீக. நான் அவுககிட்ட சொல்லவே இல்ல.”

அவர் என்னைப் பார்த்தார். ஜெயாவும் பக்கத்தில் நின்றிருந்தார்.

“அடுத்த மாச ரிப்போர்ட் நல்லாத்தாம்மா இருந்துச்சு. அதுனால அவருக்கு ஒண்ணும் ஆகல.”

“அது தெரியும் சார். அவுகளுக்கு வறட்டுச்சுல்ல, அதைச் சொல்றேன்.”

தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அதே மனிதர், இதற்குச் சும்மா நின்றார். அதற்காக அவர்மேல் எனக்கு இன்னும் மரியாதை இருக்கிறது. ஜெயா என் கையைப் பிடித்துக்கொண்டு கீழே வரை வந்தார். “அந்த தாக எண் எழுதுற பக்கம், அதுதான்க்கா இப்ப எல்லாருக்கும் உதவப்போகுது” என்றார். அதில் இருக்கும் நாலும் அஞ்சும் என் கணவர் எனக்காகச் சொன்ன பொய் என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவர் அதையும் குறித்துக்கொண்டார்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று. உங்கள் மருத்துவர் ஓர் அளவு சொல்லியிருந்தால், என் கதையைப் படித்துவிட்டு அதை மாற்றாதீர்கள். ஒவ்வொரு இதயமும் வேறு. ஆனால் கேளுங்கள். இந்த அளவு எதற்கு, வெயிலில் எவ்வளவு, எப்போது கூட்டலாம் என்று கேளுங்கள். அவர் சொல்வதை நோயாளியிடம் முழுதாகச் சொல்லுங்கள். அது அவருடைய உடம்பு. ஆராய்ச்சியில் சேர்ந்திருந்தால், சிகிச்சைக்கும் கேள்விக்கும் உள்ள வித்தியாசத்தை மறக்காதீர்கள். நாங்கள் ஒரு கேள்விக்குள் போயிருந்தோம். நான் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டேன்.

ஆராய்ச்சியில் சேர்ந்தது தப்பா என்று அண்ணன் இப்போதும் கேட்கிறார். தப்பில்லை என்றுதான் சொல்கிறேன். என் கணவர் தெரிந்துதான் பேரைக் கொடுத்தார். இனி யாரோ ஒருவர் எங்கேயோ ஒரு சித்திரை மாதத்தில் வயிறு நிறையக் குடிப்பார். அதில் என் கணவருக்கும் பங்குண்டு. அது எனக்கு ஆறுதலாக இருக்கிறதா என்றால், இல்லை. இருந்தாலும் அது உண்மை.

கடையை இப்போது நான் பார்க்கிறேன். முன்பெல்லாம் எனக்கு நாள் என்பது காலை, மதியம், மாலை என்று இருந்தது. பிறகு ஒன்றரை லிட்டராக இருந்தது. இப்போது எதுவாகவும் இல்லை. தாகம் எடுப்பது எனக்குச் சரியாகத் தெரிவதில்லை. தலை வலித்து, கண் எரிந்த பிறகுதான் இன்று இன்னும் தண்ணீரே குடிக்கவில்லை என்று நினைவு வருகிறது.

அப்படி நினைவு வந்தால் ஒரு செம்பு நிறைய மொண்டு, அண்ணாந்து, நிறுத்தாமல் குடிக்கிறேன். தொண்டையில் இறங்கி, நெஞ்சுக்கூட்டுக்குப் பின்னால் குளிர்ந்து, வயிற்றில் போய்ச் சேர்வதுவரை தெரிகிறது. என் இதயம் அதன் பக்கத்தில் எந்தச் சிரமமும் இல்லாமல் அடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்து முடிக்க இவ்வளவு நேரம் ஆகும் என்பதை நான் முன்பு கவனித்ததே இல்லை.